கேமராவுக்குள் ஒரு மெக்கானிக்

மாமா நடத்தி மூடிவிட்ட ஸ்டுடியோவிலிருந்து ஒரு பழைய கேமரா என் கைக்கு வந்தது. ஃபிலிமை நானே மாட்டி, அக்கா வளைகாப்பு முழுக்க எடுத்தேன். 36 தாண்டியும் லிவர் நிற்கவே இல்லை, சுத்திக்கிட்டே இருந்தது. திறந்து பார்த்தால் ஃபிலிம் முனை ஸ்பூலில் மாட்டவே இல்லை! ஒரு படம்கூட விழவில்லை. அக்கா ரெண்டு நாள் என்கூடப் பேசலை. இந்த வேலையை யார்தான் கண்டுபிடிச்சாங்கன்னு தேடியபோது கிடைத்தவர் ஆஸ்கர் பர்னாக்.

1879 நவம்பர் 1-ல், ஜெர்மனியில் பெர்லினுக்குத் தெற்கே லினோவ் என்ற சிற்றூரில் பிறந்தார். பல்கலைக்கழகம் போனவர் இல்லை. வானியல் கருவிகள் செய்யும் பட்டறையில் தொழில் பழகியவர். நாம ஒர்க்‌ஷாப்பில் அரம் பிடிக்கிறோமே, அந்த ரகம்தான். எங்க வீட்ல முதல்முதலா படிக்க வந்தவன் நான். டிப்ளமோ தானான்னு கேட்கிற சொந்தக்காரங்களிடம் இவர் கதையைத்தான் இப்போ சொல்றேன்.

யேனா நகரில் சைஸ் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, 1911-ல் வெட்ஸ்லாரில் மைக்ராஸ்கோப் செய்யும் லைட்ஸ் கம்பெனியில் சேர்ந்து சோதனைப் பிரிவுக்குத் தலைவரானார். படம் எடுப்பதில் பைத்தியம். ஆனால் ஆஸ்துமா. கண்ணாடித் தகடுகளையும் பெரிய கேமராவையும் சுமந்து மலையேற மூச்சு இடம் கொடுக்கவில்லை. ஒரே தகட்டில் பல சின்னப் படங்கள் எடுத்துப் பார்த்தார், தெளிவு போதவில்லை. அப்புறம்தான் சினிமா ஃபிலிமைக் கையில் எடுத்தார்.

சினிமாவில் ஒரு கட்டம் 18-க்கு 24 மில்லிமீட்டர். ஃபிலிமைப் படுக்கையாக ஓடவிட்டு இரண்டு கட்டத்தைச் சேர்த்தார்: 24-க்கு 36. ஒரு படத்துக்கு எட்டு ஓட்டை நகரணும். ஃபிலிமைத் திருகினால் ஷட்டரும் கூடவே ஏறிக்கொள்ளும். அதனால் ஒரு படத்தின் மேல் இன்னொரு படம் விழாது. மெக்கானிக்கல் பிரிவு நண்பர்கள் இதை நின்று ரசிக்க வேண்டும்! ஆனால் அந்த முதல் கேமராவில் திருகும்போது லென்ஸை மூடி வைக்கணும், இல்லாவிட்டால் வெளிச்சம் புகுந்துவிடும். இது 1914 வாக்கில்.

போர் வந்து எல்லாம் நின்றது. 1920-ல் வெட்ஸ்லார் வெள்ளத்தை அதே கேமராவில்தான் எடுத்தார். பிறகு ஜெர்மனியில் தொழில் படுத்துக் கிடந்த நேரம். புதுப் பொருளில் பணம் போடலாமா என்று கம்பெனிக்குள் எதிர்ப்பு இருந்தும், 1924-ல் முதலாளி எர்ன்ஸ்ட் லைட்ஸ் துணிந்து சரி என்றார். 1925 லைப்சிக் சந்தையில் லைக்கா என்ற பெயரில் வந்தது. லென்ஸைக் கணக்கிட்டுத் தந்தவர் மாக்ஸ் பெரெக்.

அதில் ஃபிலிம் மாட்டுவது லேசில்லை. பின்கதவே கிடையாது, அடிமூடியைத்தான் கழற்றணும். ஃபிலிம் முனையைப் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒடுக்கி வெட்டி, ஸ்பூலை வெளியே எடுத்து அதில் செருகி, இரண்டையும் சேர்த்தே கீழிருந்து உள்ளே தள்ளணும். முனையைச் சரியாக வெட்டவில்லையென்றால் உள்ளே மாட்டிக் கிழியும். கோடாக் கம்பெனி 1934-ல் கடையிலேயே அடைத்த 35 எம்எம் டப்பாவையும், பின்கதவுள்ள ரெட்டினா கேமராவையும் கொண்டுவந்தபின் பலருக்கு நிம்மதி.

1936 ஜனவரி 16-ல் பர்னாக் இறந்தார். வயது 56 தான். 1954-ல் வந்த லைக்கா எம்3-லும் அடிமூடி போகவில்லை. இன்றைய டிஜிட்டல் கேமராவில் ஃபுல் ஃபிரேம் என்பது அவர் வைத்த 24-க்கு 36 அளவுதான்.

அவர் கேமராவிலும் சரி, மாமா கேமராவிலும் சரி, ஃபிலிம் மாட்டிவிட்டதா என்பதை ரீவைண்ட் குமிழே சொல்லும். ஃபிலிமை நகர்த்தும்போது அதுவும் சேர்ந்து சுற்றணும். அக்கா குழந்தைக்குப் பேர் வைத்த அன்னிக்கு, அது சுத்துதான்னு ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் முதல் படம் எடுத்தேன்.