பேப் ரூத்தின் இடக்கை

பேஸ்பால் அமெரிக்க மக்களின் ஆட்டம். மட்டையால் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பிய வீரராகவே பேப் ரூத்தை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. நான் எழுத வந்ததோ, அதற்கு முன்பே இடக்கையால் பந்தெறிந்து பெயர் பெற்ற ரூத்தைப் பற்றி. நானும் இடக்கைப் பழக்கம் உடையவன். ஆகவே இவர் வரலாற்றில் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு.

ஜார்ஜ் ஹெர்மன் ரூத் 1895 பிப்ரவரி 6ஆம் நாள் பால்டிமோர் நகரில் பிறந்தார். தந்தை மதுக்கடை நடத்தியவர். அடங்காமல் தெருவில் திரிந்த பிள்ளையை 1902இல், ஏழாம் வயதில், துறவிகள் நடத்திய செயின்ட் மேரி தொழிற்பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். அங்கே சட்டை தைக்கக் கற்றார்; மத்தியாஸ் என்னும் துறவியிடம் பேஸ்பாலும் கற்றார். எழுதியது வலக்கையால், எறிந்தது இடக்கையால். மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்து பிடிப்பது அவர் வேலை. பள்ளியில் இருந்த கையுறையோ வலக்கையருக்காகச் செய்தது. இடக்கையில் மாட்ட வேண்டியது. சிறுவன் அதிலேயே பந்தைப் பிடிப்பான். நொடியில் உறையைக் கழற்றிவிட்டு அதே கையால் எறிவான்.

இடக்கையர் எறிவது வலக்கையர் எறிவதன் கண்ணாடி நிழல்தான். இடக்காலை ஊன்றி, வலக்காலை முன்னே நீட்டி வைக்க, இடுப்பு திரும்பும், தோள் திரும்பும், கடைசியில் கை சுழலும். உடம்பு வேலை செய்யும் முறையில் வேற்றுமை இல்லை. ஆனால் ஆடுகளம் இருபுறமும் ஒன்றுபோல் இல்லை. ஓடுகிறவர்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் ஓட வேண்டும். எறியத் தயாராகி நிற்கும்போது வலக்கையரின் முதுகு முதல் தளத்தின் பக்கம் இருக்கும். இடக்கையரின் முகம் இருக்கும். அங்கிருந்து நழுவப் பார்ப்பவன் அவர் கண்ணெதிரே நிற்கிறான்! மேலும், மட்டையாளர்கள் பழகியவை பெரும்பாலும் வலக்கையர் பந்துகள். இடக்கையர் பந்து வேறு கோணத்தில் வந்து, மறுபுறம் வளையும். மக்களில் பத்தில் ஒருவரே இடக்கையர். பெரிய குழுக்களில் பந்தெறிபவர்களிலோ ஏறத்தாழ நான்கில் ஒருவர்.

அதே களம் இடக்கையரை வேறு இடங்களிலிருந்து விலக்கியும் வைக்கிறது. ரூத் பள்ளியில் செய்த பந்து பிடிக்கும் வேலையைத் தொழில் ஆட்டத்தில் இடக்கையருக்குத் தருவதில்லை. எறியும் மேடுதான் அவரை வரவேற்றது.

1914இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் குழுவில் சேர்ந்தார். 1916இல் 23 ஆட்டங்களை வென்றார். அவற்றுள் 9 ஆட்டங்களில் எதிரிகளுக்கு ஓர் ஓட்டமும் தரவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் வலக்கை வேகத்துக்குப் பெயர்போன வால்டர் ஜான்சனை 13 இன்னிங்ஸ் எதிர்த்து நின்று 1-0 என வென்றார். 1916, 1918 உலகத் தொடர்களில், தொடர்ந்து 29 இன்னிங்ஸுக்கு மேல் ஓட்டமே கொடுக்காமல் எறிந்தார். அந்தச் சாதனையை 1961இல் முறியடித்த வைட்டி ஃபோர்டும் ஓர் இடக்கையரே!

அவர் மட்டையின் வலிமையைக் கண்ட பிறகு, சில நாளுக்கு ஒருமுறை மட்டும் எறிய வைத்து, மற்ற நாளில் உட்கார வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. 1919 டிசம்பரில் நியூயார்க் யாங்கீஸ் அவரை விலைக்கு வாங்கியது. 1927இல் 60, வாழ்நாளில் 714 ஹோம் ரன்கள் என்பது ஊரறிந்த கதை. எனினும் 1933இல், 38 வயதில், மீண்டும் ஒருமுறை மேட்டில் ஏறி, ஆட்டம் முழுவதும் தாமே எறிந்து வென்றார். 1948 ஆகஸ்ட் 16இல் புற்றுநோயால் மறைந்தார்.

நம் ஊரில் ஒன்று சோற்றுக்கை, மற்றது நொட்டாங்கை. பென்சிலை நொட்டாங்கையில் எடுத்த குழந்தையின் விரலில் அடி விழுவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். குறை அந்தக் கையில் இல்லை. மேசையும் களமும் பிறர் கைக்காக அமைந்தவை, அவ்வளவுதான். விடுமுறைக்கு ஊர் போகும் நண்பர்களே, உங்கள் வீட்டில் அப்படி ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால், அந்தக் கையை அதன் போக்கில் விட்டுவிடச் சொல்லுங்கள்.