பறவைகளைத் தேடி நடந்த சலீம் அலி

பறவையியல் அறிஞர் சலீம் அலி 1896ஆம் ஆண்டு பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். மிகச் சிறு வயதிலேயே பெற்றோரை இழந்த அவரைத் தாய்மாமன் அமீருத்தீன் தியாப்ஜி வளர்த்தார். ஒருநாள் காற்றுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறத்தைக் கண்டார். அது என்ன பறவையென்று அறிய, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சென்றார். அங்கே பேணி வைத்திருந்த பறவைகளைப் பார்த்த சிறுவரின் வாழ்க்கை திசை மாறியது.

பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அவருக்கு அரசாங்க ஆய்வுப் பதவி கிடைக்கவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. சம்பளம் வேண்டாம், செலவை மட்டும் தந்தால் போதும் என்று கூறி, சமஸ்தானங்களின் காடுகளில் பறவைகளைக் கணக்கெடுத்தார். இப்பணியில் மனைவி தெஹ்மினா உறுதுணையாக இருந்தார். 1939இல் தெஹ்மினா மறைந்தபோது மனமுடைந்தாலும் பணியைக் கைவிடவில்லை. 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் வெளிவந்தது.

1933இல் திருவிதாங்கூரில் ஆய்வு செய்தபோது, பெரியாற்றங்கரையிலுள்ள தட்டேக்காடு பறவை வளம் நிறைந்த இடமென்று கண்டறிந்தார். ஐம்பது ஆண்டுகளின் பின், 1983இல், அக்காடு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கு செல்வோர் ஆவலோடு தேடும் பறவைகளுள் இலங்கைத் தவளைவாயனும் ஒன்று. பகலெல்லாம் காய்ந்த இலைபோல அசையாதிருக்கும் அப்பறவை நமது நாட்டுக் காடுகளிலும் வாழ்கிறது.

1987இல் சலீம் அலி இறையடி சேர்ந்தார். சுடுவதற்கு உயர்ந்த கை, காப்பதற்கு எழுதியது. மாணவியரே, காட்டுக்குச் செல்லும்போது குறிப்பேட்டையும் பொறுமையையும் கொண்டு செல்வோம்.