கரவெட்டி தந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு பஸ்ஸில் போகிறவர்கள் நெல்லியடிச் சந்தியை அறிவார்கள். அதை அண்டிய கரவெட்டியில் 1932 மே 10ஆம் திகதி பிறந்தவர் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி. உயர்தரத்தில் தமிழை ஒரு பாடமாக எடுத்த பின்னரே நான் அவரை வாசிக்கத் தொடங்கினேன்.

கரவெட்டி விக்னேஸ்வராக் கல்லூரியில் படித்த அவர், பின்னர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது அங்கே அதிபராக இருந்தவர் அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ். அவர் வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் கற்றவர். இந்துக் கல்லூரியில் படித்த முஸ்லிம் அதிபரிடம், முஸ்லிம் கல்லூரியில் படிக்க வந்த இந்து மாணவர்! பிற்காலத்தில் சிவத்தம்பி ஸாஹிராவிலேயே ஆசிரியராகவும் பணியாற்றினார்.

பேராதனையில் பட்டம் பெற்ற அவர், பாராளுமன்றத்தில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பவராகவும் இருந்தார். பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய ஆய்வுக்காக 1970இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். வித்தியோதயப் பல்கலைக்கழகத்தில் கற்பித்து, 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற்கு வந்தார்.

மக்கள் எவ்வாறு உழைத்து வாழ்கிறார்களோ, அதுவே அவர்களது சிந்தனைக்கும் அடித்தளம் என்றார் ஜேர்மனியத் தத்துவஞானி கார்ல் மார்க்ஸ். சிவத்தம்பி அந்தப் பார்வையைத் தமிழ் இலக்கியத்திற்குக் கொண்டுவந்தார். ஒரு நூல் எந்தச் சமூகத்தில், யாருக்காக எழுந்தது என்று கேட்கக் கற்பித்தார். 1960களில், ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சுமொழி இலக்கியத்தில் வருவதைப் பண்டிதர்கள் சிலர் எதிர்த்தார்கள். சிவத்தம்பியும் கைலாசபதியும் அந்த எழுத்தாளர்களின் பக்கம் நின்றார்கள். இலக்கியத்தின் வாசலில் யாரையும் தடுக்க முடியாது என்பதே அந்த வாதத்தின் சாரம் என நான் விளங்கிக்கொள்கிறேன்.

இது எனக்கு வெறும் பாடம் அல்ல. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. என் உம்மா புத்தளத்தில் அகதி முகாமில் வளர்ந்தவர். முஸ்லிம் பிள்ளைக்குத் தமிழ் இலக்கியம் எதற்கு என்று இன்றும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். வீட்டில் நாங்கள் அழுவதும் சிரிப்பதும் தமிழில்தான். அப்படியானால் அதன் இலக்கியம் மட்டும் எப்படி எனக்கு அந்நியமாகும்? யாழ்ப்பாணத்தின் வரலாற்றில் எங்கள் சோனகத்தெருவின் கதை எத்தனை பக்கம் வந்திருக்கிறது என்று நானும் திருப்பிக் கேட்கலாம். அப்படிக் கேட்கும் துணிவை அவரது எழுத்து எனக்குத் தந்தது.

2011 ஜூலை 6ஆம் திகதி அவர் கொழும்பில் காலமானார். அப்போது நான் சிறு குழந்தை. அவரை நேரில் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவரது நூல்கள் இருக்கின்றன. தோழிகளே, பரீட்சைக்காக மட்டுமன்றி அவற்றை வாசியுங்கள். பெற்றோரே, உங்கள் மகள் தமிழைத் தெரிவு செய்தால் தடுக்காதீர்கள். எங்கள் கதையை நாங்களே எழுத வேண்டியிருக்கிறது.