தைக்காட்டு டாக்டர் அம்மையார்

திருவனந்தபுரத்தில் பயிலும் நம் தமிழ் மாணவர்களுள் தைக்காட்டு மகப்பேறு மருத்துவமனையை அறியாதார் இலர். அங்கே அரும்பணி ஆற்றிய டாக்டர் மேரி பூனன் லூக்கோஸ் அம்மையாரை அறிந்தவரோ சிலரே.

அம்மையார் 1886ஆம் ஆண்டு, கோட்டயத்தை அடுத்த அய்மனத்தில் பிறந்தார். தந்தையார் திருவிதாங்கூர் அரண்மனை மருத்துவர். ஆயினும் மகளுக்கு மகாராஜா கல்லூரி அறிவியல் வகுப்பில் இடம் கிடைக்கவில்லை. பெண் என்பதே காரணம்! மதிப்பெண் குறைந்து இடம் இழந்தால் ஆறுதல் கொள்ளலாம்; இதற்கு என்ன ஆறுதல்? வரலாறு பயின்று 1909இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பின் இலண்டனில் மருத்துவப் பட்டமும், டப்ளின் ரொட்டண்டா மருத்துவமனையில் மகப்பேற்றுப் பயிற்சியும் பெற்று, 1916இல் தாயகம் திரும்பித் தைக்காட்டில் பணியேற்றார்.

அந்நாளைய பேறுகாலத் துன்பம் ஒன்றை இங்கே விளக்க வேண்டும். குழந்தையின் தலை இடுப்பெலும்பில் சிக்கி நின்றுவிட்டால், இரண்டுக்கும் நடுவே தாயின் சிறுநீர்ப்பைக் கழுத்து நசுங்கும். முதலில் நீர் அடைபடும். நேரம் நீள நீள, இரத்தவோட்டம் இழந்த தசை அழுகித் துளை விழும். அதன்பின் வாழ்நாளெல்லாம் நீர் ஓயாது ஒழுகும். நாற்றத்துக்கு அஞ்சி வீட்டாரே ஒதுக்குவர். அவளும் வெட்கத்தால் வெளியே சொல்லாள். துளையைத் தைத்து மூடும் அறுவை உண்டு. ஆனால் உரிய நேரத்தில் வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்துவிட்டால் துளையே விழாது. அத்தகைய சிசேரியன் அறுவையை 1920இல் கேரளத்தில் முதன்முதல் செய்தவர் என்ற பெருமை அம்மையாருக்குரியது.

கத்தி மட்டும் போதுமா? பொன்முடி அடிவாரத்துக் கல்லாற்றிலிருந்து தைக்காடு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். நோவுற்றவளைக் காலத்தே அனுப்பிவைக்க ஊர் மருத்துவச்சிக்கு மனம் வரவேண்டும். அம்மையார் மருத்துவச்சிகளைப் பகைக்கவில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கே பேறுகாலப் பயிற்சி அளித்தார். மருத்துவமனைக்கு வர மக்கள் அஞ்சியபோது, தம் தலைப்பிள்ளையை அங்கேயே பெற்றுக் காட்டினார் என்பர்.

1922இல் சட்டசபை உறுப்பினரானார். 1924இல் தற்காலிக சர்ஜன் ஜெனரல். 1938இல் அப்பதவி நிலையாயிற்று. அறிவியல் வகுப்பில் இடம் மறுக்கப்பட்டவரின் பொறுப்பில் 32 அரசு மருத்துவமனைகள்! அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நம் நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை அமைத்தவரும் அவரே.

1975இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மறு ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.