புதுக்கோட்டைப் பெண்ணும் நம்ம ஊர்ப் புகையும்



சாயங்காலம் வகுப்பு முடிஞ்சு மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கிறோம். பழைய டீசல் வண்டி ஒன்று கரும்புகையைக் கக்கிட்டுப் போகுது. மூக்கைப் பொத்திக்கொண்டு, எல்லாம் தலைவிதி என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். எதையும் தலைவிதி என்று விட்டுவிடாத ஒரு பெண்மணியின் கதை இது.

மேலூர், திருப்பத்தூர் தாண்டிப் போனால் புதுக்கோட்டை. 1886-ஆம் ஆண்டு அங்கே பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டபோது பலத்த எதிர்ப்பு. மன்னர் அனுமதி தந்ததால்தான் உள்ளே நுழைய முடிந்தது. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் டாக்டராகி வெளியே வந்தார். பிறகு சென்னை மாகாணச் சட்டசபையின் துணைத் தலைவராகி, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம் அமைத்தார்.

இத்தனை சாதித்தவருக்கும் ஆறாத காயம் ஒன்று இருந்தது. 1923-இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்துபோனார். டாக்டராக இருந்தும் அக்காவால் காப்பாற்ற முடியவில்லை! புற்றுநோய் வந்தால் சாவுதானே, அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று பலரும் நினைத்த காலம் அது. அவர் விடவில்லை. கதவு கதவாகத் தட்டினார், நிதி திரட்டினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் சென்னை அடையாறில் வெறும் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்து வந்த டாக்டர் சாந்தாவும் அதை நாடறிய வளர்த்தார்கள். முத்துலட்சுமி அம்மையார் 1968-இல் மறைந்தார்.

சரி, இதுக்கும் பஸ் புகைக்கும் என்னப்பா சம்பந்தம்னு கேட்பீங்க. சொல்றேன்.

அம்மையார் மேல்படிப்புக்காக லண்டன் போனது 1925-இல். அதே லண்டனில், சரியாக 150 வருஷம் முன்பு, 1775-இல், பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் ஓர் உண்மையை எழுதிவைத்தார். புகைபோக்கிக்குள் இறங்கிச் சுத்தம் செய்த சிறுவர்களுக்குப் பிற்காலத்தில் விதைப்பையில் புற்றுநோய் வந்தது. தோலில் படிந்த கரிதான் காரணம் என்றார். புகைக்கும் புற்றுநோய்க்கும் முடிச்சு போட்ட முதல் சாட்சி அது.

இன்றைக்கு அந்தக் கரி தோலில் படிவதோடு நிற்கவில்லை, மூச்சோடு உள்ளே போகிறது. 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள், தலைமுடிக் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. நுரையீரலின் அடிவரை போய்த் தங்கி, செல்லின் மரபுப்பொருளைக் கெடுக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் டீசல் புகையை 2012-இலும், வெளிக்காற்று மாசை 2013-இலும், வெல்டிங் புகையை 2017-இலும் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உறுதியாக அறிவித்தது. பீடி, சிகரெட் அளவுக்கு ஆபத்து இல்லைதான். ஆனால் சிகரெட்டை வேண்டாம் என்று சொல்லலாம், மூச்சை வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

இங்கேதான் நம்ம வேலை வருது. அடைத்த ஏர் ஃபில்டர், சரியாகத் தெளிக்காத இன்ஜெக்டர், அளவுக்கு மீறிய பாரம், இவைதான் கரும்புகைக்குப் பெரும்பாலும் காரணம். இதைச் சரிசெய்பவர் டாக்டர் இல்லை, டிப்ளமோக்காரன்! ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் வைக்கும்போது ஜன்னலைத் திறப்போம், எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவோம், மாஸ்க் கட்டுவோம். பழைய டயரையும் கழிவு ஆயில் துணியையும் மூலையில் போட்டுக் கொளுத்துவதை நிறுத்துவோம்.

நோய் வந்தவர்களுக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டுப் போனார் அம்மையார். அந்த வாசலில் நிற்கும் வரிசையைக் குறைப்பது, ஸ்பேனர் பிடிக்கும் நம் கையிலும் இருக்கிறது.

— மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன்