சக்கர நாற்காலி டாக்டர்

நாள் முழுவதும் ஓடியாடி விளையாடிவிட்டுக் கால் வலிக்கிறது என்று படுத்தால், பாட்டி தேங்காய் எண்ணெய் தேய்த்து நீவி விடுவார். சற்று நேரத்தில் சுகமாகத் தூக்கம் வந்துவிடும். ஏன் தெரியுமா குழந்தைகளே? நம் தோலுக்கு அடியில் தொடுதலை உணரும் நரம்பு முனைகள் ஏராளமாக உள்ளன. கை பட்டதும் அவை செய்தி அனுப்பும். அந்தச் செய்தி முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடம் வழியாக மூளைக்குப் போய்ச் சேரும். இதமாக நீவும்போது இறுகிய தசை தளரும். மனமும் அமைதி அடையும்.

அந்தத் தண்டுவடம் முறிந்துபோனால்? காலைத் தொட்டாலும் தெரியாது. அசைக்க நினைத்தாலும் அசையாது. அப்படி ஒரு நிலைக்கு ஆளான பிறகும் டாக்டராகப் பணியாற்றிப் பலருக்கு மறுவாழ்வு தந்தவர் மேரி வர்கீஸ்.

கொச்சிக்கு அருகே உள்ள செராய் என்ற ஊரில் 1925ஆம் ஆண்டு பிறந்தார் மேரி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டர் ஆனார். அங்கேயே வேலையும் கிடைத்தது.

1954ஆம் ஆண்டு, சக டாக்டர்களுடன் ஒரு நாள் சுற்றுலா கிளம்பினார். வழியில் வண்டி கவிழ்ந்தது. மேரியின் முகத்தில் பலத்த காயம். அதைவிடப் பெரிய இடி, தண்டுவடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போனது. அடுத்தடுத்து அறுவை சிகிச்சைகள் நடந்தன. ஆனாலும் கால்கள் திரும்பவில்லை. எவ்வளவு நீவினாலும், எந்த மருந்து கொடுத்தாலும், முறிந்த தண்டுவடத்தை ஒட்டவைக்க முடியாது. 30 வயதுகூட ஆகாத மேரிக்கு, இனி டாக்டர் வேலை கனவுதான் என்றே தோன்றியது.

அப்போது அதே மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் பணியாற்றி வந்தார். ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தாலும், அவர் பிறந்தது நம் கொல்லிமலையில்தான்! தொழுநோயால் முடங்கிய கைகளைச் சரி செய்வதில் அவர் வல்லவர். கைக்கு அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் உட்கார்ந்தபடியே அதைச் செய்யலாம். கால் எதற்கு? கை இருந்தால் போதுமே! இதை மேரிக்கு எடுத்துச் சொல்லி நம்பிக்கை ஊட்டினார் அவர்.

தொழுநோய்க் கிருமி நரம்பைத் தாக்கும். விரல்கள் மடங்கிப் போகும். சூடு, வலி எதுவும் தெரியாது. அந்தக் காலத்தில் நோயாளிகளைச் சொந்த ஊரே ஒதுக்கி வைத்தது. (இன்று இதை மாத்திரைகளால் முழுமையாகக் குணப்படுத்தலாம்.) விறைத்த விரல்களுக்கு எண்ணெய் தடவி, மெல்ல நீவி, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துவார்கள் பிசியோதெரபி பணியாளர்கள். அதன் பிறகு டாக்டர்கள், நன்றாக வேலை செய்யும் ஒரு தசையின் நாணை எடுத்து, மடங்கிய விரல்களோடு இணைப்பார்கள். மீண்டும் பயிற்சி. நாளடைவில் அந்தக் கை டம்ளரைப் பிடிக்கும், பேனாவைப் பிடிக்கும்!

சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே இந்த அறுவை சிகிச்சையைக் கற்றுக்கொண்டார் மேரி. தன் காலில் உணர்வு இல்லாதவர், உணர்வு இழந்த கைகளுக்கு உயிர் கொடுத்தார். நாற்காலியில் வந்த டாக்டரைப் பார்த்ததுமே நோயாளிகளுக்குப் பாதித் தைரியம் வந்துவிட்டது.

தன்னைப் போலத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எண்ணினார் மேரி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் சிகிச்சையும் பயிற்சியும் பெற்றார். பிறகு அமெரிக்காவின் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்தார். ஊர் திரும்பி, வேலூர் மருத்துவமனையில் அந்தத் துறையின் தலைவர் ஆனார். 1966ஆம் ஆண்டு, வேலூரை அடுத்த பாகாயத்தில் நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிலையம் உருவானது. இந்தியாவில் இதற்கு முன்னோடி அதுதான்.

அங்கே மருந்து மட்டும் தருவதில்லை. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, உடை உடுத்துவது, படுக்கைப் புண் வராமல் அடிக்கடி உடலைத் திருப்பிக்கொள்வது, கைத்தொழில் செய்து சம்பாதிப்பது எல்லாவற்றையும் கற்றுத் தருவார்கள். இழந்த காலை எண்ணி அழுவதைவிட, இருக்கும் கையால் வாழக் கற்பதே அங்கு பாடம். அதற்கு முதல் மாணவியும் மேரிதான், ஆசிரியையும் மேரிதான்!

1972ஆம் ஆண்டு மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986ஆம் ஆண்டு அவர் காலமானார்.

நங்கநல்லூர் சாலை மெட்ரோ நிலையத்துக்குப் போனால் அங்குள்ள லிஃப்டைப் பாருங்கள். சக்கர நாற்காலியில் வருபவரும் மற்றவர்களைப் போல ரயில் ஏற வேண்டும் என்பதற்காகவும்தான் அது இருக்கிறது. அதை வழிமறிக்காமல், அவர்களுக்கு முதலிடம் கொடுப்போம். அவர்களில் நாளைய மேரி வர்கீஸும் இருக்கலாம், இல்லையா குழந்தைகளே!