உழவரிடம் பாடம் கேட்ட அறிஞர்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

நைட்ரஜன் இன்றிப் பயிர் வளராது. எங்கள் சடையங்குப்பத்தை அடுத்த மணலியில், 1971 இல் உற்பத்தியைத் தொடங்கிய உரத் தொழிற்சாலை, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பேரழுத்தத்திலும் கடும் வெப்பத்திலும் பிடித்து யூரியாவாக்குகிறது. பயறுச் செடியின் வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியாவோ காற்றின் நைட்ரஜனை ஓசையின்றிப் பிடித்துச் செடிக்குத் தருகிறது. இந்த இயற்கைச் செல்வத்தைத் தலைமுறைகளாகக் கையாண்ட இந்திய உழவரின் பெருமையை உலகறியச் செய்தவர் சர் ஆல்பர்ட் ஹோவார்டு.

அவர் 1873 இல் இங்கிலாந்தில், ஷ்ராப்ஷயரில், உழவர் குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்றார். மேற்கிந்தியத் தீவுகளில் பணியாற்றிய பின், 1905 இல் பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்திற்கு வந்தார். தாவரவியலில் தேர்ந்த மனைவி கேப்ரியேலும் அவரோடு உழைத்தார். இருவரும் உருவாக்கிய பூசா கோதுமை இரகங்கள் புகழ்பெற்றன.

கற்பிக்க வந்தவர் கற்கலானார். சுற்றுப்புற உழவர்கள் சிறுதானியத்தோடும் மக்காச்சோளத்தோடும் துவரையைக் கலந்து விதைப்பதைக் கண்டார். தானியத்தின் சல்லிவேர் மேல்மண்ணில் பரவும். துவரையின் ஆணிவேர் ஆழத்தில் நீர் தேடும். தானியம் முன்னே அறுவடையாகும்; துவரை பின்னே விளையும். உதிரும் இலையும் மண்ணில் தங்கும் வேரும் மட்கி அடுத்த பயிருக்கு உரமாகும். மழை பொய்த்தாலும் ஒன்றாவது கைகொடுக்கும். வேர் முடிச்சின் பணியை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ரீகல் 1886 இல் தான் அறிவித்தார். நம் உழவரோ அதற்குப் பன்னெடுங்காலம் முன்பே அதன் பயனை அறிந்திருந்தனர்.

கையெழுத்துப் போடத் தெரியாத என் பாட்டி, வட ஆர்க்காட்டுப் பக்கம் கேழ்வரகுக் கொல்லையில் இடையிடையே துவரையும் மொச்சையும் விதைத்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆனால் அறிவியல் என்னோடுதான் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது என்று சொல்ல எனக்கு இனி வாய் வராது.

ஹோவார்டு 1924 இல் இந்தூர் சென்று ஆய்வு நிலையம் அமைத்தார். குப்பையையும் சாணத்தையும் மட்கச் செய்யும் இந்தூர் முறையை அங்கே வகுத்தார். 1930 இல் மனைவியை இழந்தார். 1934 இல் சர் பட்டம் பெற்றார். இரசாயன உரத்தை மட்டும் நம்பும் வேளாண்மையை எதிர்த்து 1940 இல் நூல் எழுதினார். 1947 இல் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! ஆய்வாளர் பதவியில் வந்தவர் ஏர்பிடித்தவரை ஆசிரியராக ஏற்றார். பட்டம் பெறப்போகும் நாம், நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிய வேண்டியவை எத்தனையோ உள்ளன. அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வோம்.